பதினேழு, எட்டு, நாற்பத்தைந்து

ஒரு நாட்டின் விடுதலை எந்த நாளில் தொடங்கியது என்று சொல்லும் உரிமை அந்நாட்டு மக்களுக்குரியதா, அவர்களை ஆண்டவர்களுக்குரியதா என்ற வழக்கு, இந்தோனேசியாவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் முழுமையாகத் தீராமல் கிடந்தது.

1942இல் நெதர்லாந்தின் டச்சுக்காரரை வென்று இந்தோனேசியத் தீவுகளைக் கைப்பற்றிய ஜப்பான், 1945 ஆகஸ்ட் 15 அன்று சரணடைவதாக அறிவித்ததும், பழைய ஆட்சியாளர் திரும்புவதற்குள் விடுதலையை அறிவித்துவிடத் துடித்த இளைஞர்கள், தயங்கி நின்ற விடுதலை இயக்கத் தலைவர்கள் சுகர்ணோவையும் ஹத்தாவையும் மறுநாள் ரெங்காஸ்டெங்க்ளோக் என்ற சிற்றூருக்குக் கொண்டுசென்று வற்புறுத்தினர். அன்றிரவே ஜகார்த்தா திரும்பிய தலைவர்கள், ஜப்பானியக் கடற்படை அதிகாரி மயேடாவின் வீட்டில் கூடி எழுதிய பிரகடனம் இரண்டே வாக்கியங்கள் கொண்டது. சுகர்ணோவின் கையெழுத்தில் அடித்தல் திருத்தல்களோடு உள்ள வரைவிலும், சாயுத்தி மெலிக் தட்டச்சு செய்த படியிலும் ஆண்டு ‘05’ என்றே காணப்படுகிறது. கி.மு. 660இலிருந்து எண்ணப்படும் ஜப்பானியப் பேரரசு ஆண்டான 2605இன் கடைசி இரு இலக்கங்கள் அவை. விடுதலையை அறிவிக்கும் தாளிலும் அந்நியரின் ஆண்டுக்கணக்கு இருந்தது என்பது, மூன்றரை ஆண்டு ஆட்சி அன்றாடப் பழக்கத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

ஆகஸ்ட் 17, நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பெகாங்சான் திமூர் தெரு 56ஆம் எண் வீட்டின் முன் சுகர்ணோ பிரகடனத்தை வாசிக்க, அவர் மனைவி ஃபத்மாவதி தைத்த சிவப்பு வெள்ளைக் கொடி மூங்கில் கம்பத்தில் ஏறியது.

டச்சு அரசு இதை ஏற்கவில்லை. 1947இலும் 1948இலும் பெரும்படையுடன் நடத்திய தாக்குதல்களுக்கு அது இட்ட பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. போர் என்று சொன்னால் எதிரே இருப்பது இன்னொரு நாடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 1949 டிசம்பர் 27 அன்று ஆட்சியுரிமையைக் கைமாற்றிய பின்னும், அந்த நாளையே விடுதலை நாளாக அது கொண்டது. 2005இல் டச்சு வெளியுறவு அமைச்சர் பென் போட் ஆகஸ்ட் 17ஐ அரசியல் நோக்கிலும் அறநோக்கிலும் ஏற்பதாகக் கூறினார். தயக்கமற்ற முழு ஏற்பைப் பிரதமர் மார்க் ருட்டே அறிவித்தது 2023இல்தான். குண்டுகளைவிட ஒரு தேதி நீண்ட காலம் எதிர்த்து நின்றிருக்கிறது.

மக்கள் அந்த ஏற்புக்காகக் காத்திருக்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் தெருத்தெருவாகக் கொழுப்புத் தடவிய பாக்குமரத் தண்டில், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, உச்சியில் தொங்கும் பரிசுகளைப் பறிக்கும் வழுக்குமர விளையாட்டு நடைபெறுகிறது. தேசிய விழாவில் கொடியேற்றும் இளையோர் அணி 17, 8, 45 பேர் கொண்ட மூன்று பிரிவுகளாக வகுக்கப்படுகிறது. ஃபத்மாவதி தைத்த துணி நைந்துவிட்டதால், 1968க்குப் பின் அதைப் போலவே செய்த வேறு கொடியே ஏற்றப்படுகிறது.