மூலையைத் தாண்டினால் குற்றமா? ஓர் ஏணியும் அடைக்கப்பட்ட பொதுநிலமும்

2021ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். மிசௌரியிலிருந்து மான் வேட்டைக்கு வந்த நான்கு பேர், தாங்களே செய்த இரும்பு ஏணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எல்க் மலைப் பக்கம் போகிறார்கள். ஓரிடத்தில் ஏணியை விரித்து வைக்கிறார்கள். அதன் ஒரு கால் அரசு நிலத்தில், மறு கால் எதிரே உள்ள இன்னோர் அரசு நிலத்தில். ஏறி இறங்குகிறார்கள். தனியார் மண்ணில் யாருடைய பாதமும் படவில்லை. அதற்காக அவர்கள் மீது அத்துமீறல் வழக்கு பதிவானது.

என்ன நடந்தது என்று புரிய ஒரு சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டமெல்லாம் அரசு நிலம், வெள்ளைக் கட்டமெல்லாம் தனியார் நிலம். ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து அடுத்த கறுப்புக் கட்டத்துக்குப் போக வேண்டுமானால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் அந்த ஒற்றை மூலைப்புள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்தைய ஆண்டு அவர்கள் வந்தபோது அந்த மூலையில் இரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டுச் சங்கிலி கட்டி, நுழையாதே என்று பலகை மாட்டியிருந்தது. கம்பத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு கம்பத்தையும் தொட வேண்டாம் என்றுதான் ஏணி.

நிலத்துக்குச் சொந்தக்காரர் மருந்துத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர், வட கரோலினாக்காரர். அவருடைய அயர்ன் பார் ஹோல்டிங்ஸ் நிறுவனம் சொன்ன வாதம் இது: எங்கள் நிலத்துக்கு மேலே உள்ள காற்றும் எங்களுடையது, அந்தக் காற்றில் இவர்களின் தோள் பட்டது. குற்ற வழக்கில் 2022இல் உள்ளூர் ஜூரி நால்வரையும் விடுவித்தது. ஆனாலும் நிறுவனம் விடவில்லை. மூலையைத் தாண்டலாம் என்று ஆகிவிட்டால் பண்ணையின் விலை விழுந்துவிடும் என்று 70 இலட்சம் டாலருக்கு மேல் நட்டக் கணக்குக் காட்டி உரிமையியல் வழக்கு நடத்தியது.

அந்த நட்டக் கணக்கை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பண்ணையின் விலைக்குள் யாருடைய நிலத்தின் விலை ஒளிந்திருந்தது? நடுவில் சிக்கிக்கிடந்த பொதுநிலத்தின் விலைதான். அவர் அதை வாங்கவில்லை. மற்றவர்கள் உள்ளே வர முடியாது என்பதே அந்த நிலத்தை அவருக்குச் சொந்தம்போல ஆக்கியிருந்தது. பட்டா கையில் இருக்க வேண்டியதில்லை, பாதை கையில் இருந்தால் போதும்.

இந்தச் சதுரங்கப் பலகையை வரைந்தது யார்? 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட பசிபிக் இரயில்பாதைச் சட்டம். பாதையின் இருபுறமும் பத்து மைல் ஆழத்துக்கு ஒற்றைப்படை எண் கொண்ட கட்டங்களை இரயில் கம்பெனிக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 1864இல் அதை இருபது மைலாக்கினார்கள். யூனியன் பசிபிக் கம்பெனி ஒன்றுக்கு மட்டும் கிடைத்தது ஒரு கோடி ஏக்கருக்கு மேல். இரட்டைப்படைக் கட்டங்களை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. இரயில் வந்ததும் விலை ஏறும், இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்ற வியாபாரக் கணக்கு. வயோமிங்கின் வறண்ட மேட்டில் அந்தக் கணக்குப் பலிக்கவில்லை. வாங்க ஆளில்லாமல் கிடந்த கட்டங்கள்தான் இன்றைய பொதுநிலம்.

அந்த மண்ணில் அதற்கு முன்பு யாரும் இல்லாமல் இல்லை. செயென், அராப்பஹோ, லகோட்டா, ஷோஷோன் மக்கள் வேட்டையாடிய நிலம் அது. அவர்களைக் கேட்டுக் கோடு போடவில்லை. இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1865 ஜனவரியில் தென் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா கடற்கரையில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை தர இராணுவத் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய அடிமை முதலாளிகளுக்கே திருப்பினார். கம்பெனிக்குக் கொடுத்த கோடி ஏக்கரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

தெற்கில் வேட்டைக்கு ஒரு தனிக் கதை உண்டு. வேலி போடாத நிலத்தில், அது தனியாருடையதாகவே இருந்தாலும், வேட்டையாடுவது வழக்கமாக இருந்த காலம் அது. 1818இல் தென் கரோலினா நீதிமன்றமே அதை உரிமை என்று ஒப்புக்கொண்டது. அடிமைமுறை ஒழிந்த பிறகு நிலைமை மாறியது. முயலும் மீனும் கிடைத்து, மாடு மேய இடமும் இருந்தால் பருத்திக் காட்டுக்குக் கூலிக்கு யார் வருவார்? மாநிலம் மாநிலமாக அத்துமீறல் சட்டமும் வேலிச் சட்டமும் வேட்டைச் சட்டமும் கடுமையாயின. வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ஹான் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஏரியில் மீன் பிடிக்கக்கூடாது, புறம்போக்கில் புல் அறுக்கக்கூடாது என்று சேரிக்குத் தடை போட்ட ஊர்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மேற்கே திரும்புவோம். 1870களில் முள்கம்பி வந்தது. கால்நடைக் கம்பெனிகள் பொதுநிலத்தைச் சுற்றி மைல் கணக்கில் வேலி போட்டன. சிறு குடியானவர்களின் புகார் பெருகி, 1885இல் சட்டவிரோத அடைப்புத் தடைச் சட்டம் வந்தது. உடனே முதலாளிகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். கொலராடோவில் கேம்ஃபீல்ட் என்பவர் தரப்பு ஒற்றைப்படைக் கட்டங்களுக்குள் மட்டுமே வேலி போட்டது. எங்கள் நிலத்தில்தானே போட்டோம் என்றார்கள். ஆனால் மூலைகளில் வேலிகள் நெருங்கி நின்றதால் 20,000 ஏக்கர் பொதுநிலம் உள்ளே மாட்டிக்கொண்டது. 1897இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தந்திரத்தை ஏற்கவில்லை; வேலியைப் பிடுங்கச் சொன்னது.

எல்க் மலை வழக்கைத் தீர்த்ததும் இந்தப் பழைய சட்டம்தான். மாவட்ட நீதிமன்றம் 2023இல் வேட்டைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது: தனியார் நிலத்தைத் தொடாமல் கால்நடையாக மூலையைத் தாண்டுபவரைத் தடுப்பதும் ஒரு வேலிதான், கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. இப்படி மூலையில் பூட்டிக்கிடக்கும் பொதுநிலம் மேற்கு மாநிலங்களில் 83 இலட்சம் ஏக்கர் என்று ஒரு வரைபடச் செயலி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தீர்ப்பு எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. பக்கத்து மொன்டானா வேறு வட்டத்தில் இருக்கிறது.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நால்வருக்கு ஆதரவாக ஒரு வேட்டைக்காரர் அமைப்பு நின்றது, வழக்குச் செலவுக்கு நாடெங்கிலுமிருந்து நன்கொடை வந்தது. அதே வயோமிங்கில் இன்னொரு வேட்டை வழக்கு உண்டு. 1868 ஒப்பந்தத்தில் குரோ பழங்குடியினர் சுமார் 3 கோடி ஏக்கரை விட்டுக்கொடுத்தார்கள். குடியேற்றம் இல்லாத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமையை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். 2014இல் அந்தப் பழங்குடியைச் சேர்ந்த சிலர் மானைத் தொடர்ந்து பிக்ஹார்ன் தேசிய வனத்துக்குள் போய் வேட்டையாடியபோது மாநிலம் வழக்குப் போட்டுத் தண்டித்தது. வயோமிங் மாநிலமான அன்றே ஒப்பந்த உரிமை செத்துவிட்டது என்பது அதன் வாதம். 1896இல் பன்னாக் பழங்குடியினர் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருந்தது. 2019இல் ஹெரேரா வழக்கில்தான், அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில், அந்த உரிமை உயிரோடு இருக்கிறது என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அங்கே தடுத்தவர் தனியார் பண்ணைக்காரர் இல்லை, அரசே. பொது என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பதற்கு ஒரே மாநிலத்தில் இரண்டு விடைகள்.

இதைப் படிக்கும்போது நமக்கு வாணியம்பாடி அருகே நாராயணபுரம் நினைவுக்கு வராமல் போகாது. 2019 ஆகஸ்டில் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஆதிக்கச் சாதியினரின் நிலம், அங்கே வேலி. காணொளி பரவி, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. வேட்டைக்காரருக்குக் கிடைத்தது ஏணி. நம் ஆட்களுக்குக் கயிறு.

களப்பணிக்குப் போகும் தோழர்களுக்கு ஒரு வேலை. பஞ்சமி நிலமோ சுடுகாடோ, பிரச்சினை என்று வந்தால் நாம் முதலில் பட்டாவையும் அ-பதிவேட்டையும்தான் தேடுகிறோம். அதோடு புல வரைபடத்தையும் வாங்குங்கள். அந்த இடத்துக்குப் போகும் வழி அதில் கோடாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுற்றியுள்ள நிலங்களின் பழைய கிரயப் பத்திரங்களில் நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியம் என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்கள். எந்த ஆண்டு வரைக்கும் அந்த வரி இருந்தது, எந்தக் கிரயத்திலிருந்து அது காணாமல் போனது என்று குறித்து வையுங்கள்.