பின்னேர உணவும் அதன் பெயரும்

உணவின் பெயர்கள் பசியினால் மட்டும் அமைவன அல்ல. கடிகாரமும் விளக்கும் தொழிலும் கூடியே அவற்றை அமைக்கின்றன. நண்பகல் உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையே உண்பதை எப்பெயரால் அழைப்பது? இச்சிறு வினாவிலே ஒரு நாட்டின் சமூக வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

பண்டை உரோமர் பிற்பகலில் உண்ட சிற்றுணவை ‘மெரெண்டா’ என்றனர். அச்சொல் இத்தாலியில் அவ்வாறே வழங்குகின்றது. ஸ்பெயினில் அது ‘மெரியெண்டா’ ஆயிற்று; ஸ்பானியர் ஆட்சியின் வழியே பிலிப்பைன் தீவுகளிலும் வேரூன்றியது. பிரெஞ்சு மக்கள் சுவைத்தல் என்னும் பொருள்படக் ‘கூத்தே’ என்பர். ஆங்கிலேயரிடத்திலோ ஒரு பானத்தின் பெயரே உணவின் பெயராயிற்று. அதற்குக் காரணம் உண்டு.

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலே ‘டின்னர்’ எனப்பட்ட தலையாய உணவை முற்பகல் 11 மணியளவில் உண்பது வழக்கம். பின்னர் அந்நேரம் படிப்படியாகத் தள்ளிச் சென்றது. விளக்கொளி பெருகியது, அலுவல்கள் மாலைவரை நீண்டன, காலந்தாழ்த்தி உண்பது உயர்குடியின் அடையாளமுமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செல்வர் இல்லங்களில் டின்னர் இரவு 7 அல்லது 8 மணிக்குச் சென்றுவிட்டது. நண்பகலை நிரப்ப ‘லஞ்ச்’ தோன்றியது. ஆயினும் அதற்குப் பின் நீண்டதோர் இடைவெளி எஞ்சியது.

1662இல் இரண்டாம் சார்ள்சு மன்னனை மணந்த போர்த்துக்கேய இளவரசி கதரீன், அரண்மனையிலே தேநீர்ப் பழக்கத்தைப் பரப்பினாள். அக்காலத்தில் அது செல்வர்க்கே உரிய பானம். 1784ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலை வரியை நூற்றுக்கு 119 என்பதிலிருந்து பன்னிரண்டரையாகக் குறைத்தபின் அது ஏழையின் குடிசையையும் எட்டியது. 1840ஆம் ஆண்டளவில், பிற்பகற் சோர்வைப் போக்கத் தேநீரும் உரொட்டியும் வருவித்து உண்ணும் வழக்கத்தைப் பெட்போர்ட் கோமகள் அன்னா மரியா தொடங்கினாள் என்பது மரபு.

ஆலைத் தொழிலாளர் வாழ்வு வேறு. அவர்களுக்கு டின்னர் நண்பகலிலேயே நின்றுவிட்டது. மாலை வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் உரொட்டியும் தேநீருடன் வயிறார உண்டனர். அதுவே ‘ஹை டீ’. கோமகளின் ‘டீ’ இரவு உணவுக்கு முன்னுரை. தொழிலாளியின் ‘டீ’ இரவு உணவே. வட இங்கிலாந்திலே இன்றும் பலர் இரவு உணவை ‘டீ’ என்றே சொல்கின்றனர். பெருவிடுதிகள் ‘ஹை டீ’ என்னும் பெயரை ஆடம்பரத்தின் அடையாளமாக விளம்பரம் செய்கின்றன. உழைத்துக் களைத்தவனின் உணவுப் பெயர் அது என்பதை அறிவோர் சிலரே.

இவ்விருவகைத் தேநீர்க்கும் இலங்கை மலைநாடு கடமைப்பட்ட காலமும் வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குளிரிலும் மழையிலும் கொழுந்து பறித்தனர். சீமையின் நான்கு மணிக் கோப்பை நிறைந்தது அவர்களின் கைகளாலேயே. தேநீர் மேசையின் வரலாற்றை எழுதியோர் கோமகளின் பெயரைக் குறித்துவைத்தனர். கொழுந்து பறித்தவளின் பெயரைக் குறித்தாரில்லை.

தமிழிலே இந்த உணவுக்குச் ‘சிற்றுண்டி’ என்பது ஏட்டுப் பெயர். ஈழத்து வீடுகளில் ‘பின்னேரத் தேத்தண்ணி’ என்றாலே வடையோ பலகாரமோ உடன்வரும் என்பது நேயர் அறிந்ததே. ‘தே’ என்னும் முதலெழுத்துச் சீனத்துக் கடற்கரை மொழியிலிருந்து வந்தது, ‘தண்ணி’ நம்முடையது. ஒரு கோப்பையில் இரு கரைகள் கலந்திருப்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது.