ஒன்பது வாளித் தண்ணீர்

புகைப்படக் கலையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கென்னவோ தண்ணீரைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. படம் பிடிப்பது சில விநாடி வேலை. கழுவுவதற்குத்தான் பொழுது போதாது. வீட்டில் இருட்டறை வைத்துக் கொண்டிருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து அகற்றினால்தான் படம் நிலைக்கும். ஹைப்போ என்ற சரக்கு அதைக் கரைக்கும் என்று 1819-ல் கண்டவர் வானசாஸ்திரி ஜான் ஹெர்ஷல். ஆனால் இந்த ஹைப்போ இருக்கிறதே, கல்யாணம் முடிந்த பிறகும் கிளம்பாத விருந்தாளி மாதிரி. கொஞ்சம் தங்கிவிட்டாலும் போதும், நாளடைவில் படம் மஞ்சளித்து மங்கிவிடும். அதை வெளியேற்ற நிறையத் தண்ணீர் வேண்டும்.

ஆகவே வசதி படைத்தவர்கள் இருட்டறைக்கென்று ஒரு தொட்டி செய்து கொண்டார்கள். பலகையால் பெட்டி, உள்ளே ஈயத் தகடு, ஒரு மூலையை நோக்கிச் சற்றே சரிவு, அங்கே வடிகுழாய், மேலே தண்ணீர்க் குழாய். தொட்டி இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குனிந்து குனிந்தே முதுகு போய்விடும்.

குழாய் வசதி இல்லாமலே பெரும் புகழ் பெற்ற ஓர் அம்மாள் உண்டு. பெயர் ஜூலியா மார்கரெட் காமெரான். (காமிரா என்ற சொல்லுக்கும் இந்தப் பெயருக்கும் எந்த உறவும் கிடையாது.) 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், நாற்பத்தெட்டாவது பிராயத்தில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் அப்போது வாசம். நிலக்கரி போட்டிருந்த அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூண்டு படப்பிடிப்புக் கூடமாயிற்று. ஊரின் பெயர் ஃப்ரெஷ்வாட்டர், அதாவது நன்னீர். நன்னீர் இருந்தது என்னவோ கிணற்றில்தான்.

அந்த நாளில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றி, வெள்ளிக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே உருத்துலக்கவும் வேண்டும். வெள்ளிக் கரைசல் பட்ட துணி கறுத்துப் போகும். மேஜை விரிப்புகள் ஏராளமாகப் பாழாயின. முதலில் 11 அங்குலத் தகடு. பிறகு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். தகடு பெரிதானால் தண்ணீரும் அதிகம். ஒவ்வொரு படத்தையும் கழுவக் கிணற்றிலிருந்து ஒன்பது வாளித் தண்ணீர் வந்தது என்று, நண்பரான அதே ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவர் சொல்கிறார்.

யார் இறைத்தார்கள்? மேரி ஹில்லியர் என்ற வேலைக்காரப் பெண் படத்துக்குப் படம் மாதாவாக அமர்ந்திருக்கிறாள். வேஷத்தைக் களைந்த பிறகு அவளே கிணற்றடிக்கும் போயிருப்பாள் என்பது என் ஊகம். நாவல் எழுதுகிறவனின் புத்தி அப்படித்தான் போகும். அந்தக் கண்களில் தெரியும் களைப்பைப் பக்தி என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை தண்ணீர் ஊற்றியும் 1869-ல் ஒரு சங்கடம் வந்தது. அருமையான தகடுகள் பலவற்றில் மெல்லிய விரிசல் ஓடிவிட்டது. அவற்றை எடுத்துக் கொண்டு லண்டனிலுள்ள புகைப்படச் சங்கத்துக்கே போய்க் காட்டினார். கழுவியது போதவில்லையா, தீவின் ஈரக் காற்றுதான் காரணமா என்று பேச்சு எழுந்தது. அம்மாளுக்குச் சந்தேகம் காற்றின் மேல். ஒன்பது வாளி இறைக்க வைத்தவர் வேறு எதைச் சந்தேகிப்பார்?

1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காமிராவும் கூடவே போயிற்று. களுத்துறையில் 1877-ல், விருந்தாளியாக வந்த ஓவியர் மேரியான் நார்த்துக்குச் சால்வை போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அந்த வெயிலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். உள்ளூர் மக்களையும் எடுத்தார். 1879 ஜனவரியில் அந்த நாட்டிலேயே காலமானார். இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. அந்த உஷ்ணத்தில் தகட்டின் ஈரம் எத்தனை நிமிஷம் தாங்கியிருக்கும்? கிணற்றிலிருந்து எத்தனை வாளி வந்தது, யார் சுமந்து வந்தார்கள்?