பன்னிரண்டு எழுத்துப் பரிசு

2005 அக்டோபர் இறுதியில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் பிளிஸார்ட் நிறுவனம் தன் ரசிகர்களுக்காக முதன்முறையாக ஒரு மாநாடு கூட்டியது. பிளிஸ்கான் என்று அதற்குப் பெயர். வந்தவர்களுக்குக் கொடுத்த பொருட்களோடு ஒரு குறியீடும் இருந்தது. அதைக் காட்டினால் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் மர்க்கி என்ற நீல நிறக் குட்டிப் பிராணி கிடைக்கும். சண்டையில் அதனால் எந்தப் பயனும் இல்லை. விளையாடுபவரின் பின்னாலேயே தத்தித் தத்தி ஓடி வரும், அவ்வளவுதான். ஆனாலும் மாநாட்டுக்குப் போக முடியாதவர்கள் அந்தக் குறியீட்டை ஈபேயில் பணம் கொடுத்து வாங்கினார்கள்.

இன்று அதே வகைக் குறியீட்டைத் தேடித்தான் மதுரையிலும் மானாமதுரையிலும் பிள்ளைகள் கைப்பேசியைத் துழாவுகிறார்கள். 'ரிடீம் கோட்' என்றால் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் கலந்த பன்னிரண்டு இடங்கள். சரியாக உள்ளிட்டால் துப்பாக்கிக்குப் புதுத் தோற்றமோ, பாத்திரத்துக்குப் புதுச் சட்டையோ, வென்றதும் ஆடிக்காட்ட ஒரு இமோட்டோ வந்து சேரும். பெற்றோருக்கு இது நேற்று முளைத்த பழக்கமாகத் தெரியலாம். உண்மையில் இதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று விளையாட்டு நிரலாளர்களின் மேசையில் தொடங்கியது. மற்றது சோடாக் கடையில்.

முதல் ஊற்றின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல் 'கிரேடியஸ்' விளையாட்டை நின்டெண்டோ பெட்டிக்கு ஏற்றவாறு மாற்றும் வேலையில் இருந்தார். அதைச் சோதிக்கத் தானே விளையாடிப் பார்க்க வேண்டும். ஆட்டமோ அவருக்கே கடினமாக இருந்தது. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பிறகு பி, ஏ என்று பொத்தான்களை அழுத்தினால் எல்லா ஆயுதங்களும் கையில் வரும்படி ஒரு குறுக்குவழியை எழுதி வைத்துக்கொண்டார். அந்த வரிசை நீக்கப்படாமலே விற்பனைக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து 'கான்ட்ரா' அமெரிக்க வீடுகளுக்கு வந்தபோது அதே வரிசை முப்பது உயிர்களைத் தந்தது. உலகப் புகழ் பெற்றது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் டிவியோடு இணைத்து விளையாடிய மலிவுப் பெட்டிகளிலும் கான்ட்ரா இருந்தது. அதை விளையாடி வளர்ந்தவர்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டி இருக்கும். ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார்.

பிறகு கணினிக் காலம் வந்தது. 2003இல் 'ஜிடிஏ வைஸ் சிட்டி' கணினிகளுக்கு வெளியானதும், நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு புது வகைக் கையெழுத்துப் பிரதி உருவானது. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பேன்சர்', 'ஆஸ்பிரின்', 'லீவ் மீ அலோன்' என்று எழுதி மடித்து வைத்திருப்பார்கள். முதலாவதைத் தட்டினால் வானத்திலிருந்து ராணுவ டாங்கி விழும். இரண்டாவது உடல்நலத்தை நிரப்பும். மூன்றாவது துரத்தும் போலீஸை விலக்கும். ஒரு பையனுக்குத் தெரிந்தது மறுநாள் வகுப்புக்கே தெரிந்தது. அதற்குக் காலாவதி தேதி இல்லை. இன்றைக்கும் அந்தப் பழைய பதிப்பை நிறுவி 'பேன்சர்' என்று தட்டிப் பாருங்கள், டாங்கி விழும்.

'சீட் கோட்' எனப்படும் இந்தப் பழைய குறுக்குவழிகளுக்கு ஒரு பெருந்தன்மை இருந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உருவாக்கியவர் தன் வசதிக்காக வைத்த சாவியை விளையாடுபவருக்கும் விட்டுப் போனார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதும் தெரியாது.

இணைய விளையாட்டில் அது சாத்தியமே இல்லாமல் போனது. ஆயிரம் பேர் ஒரே களத்தில் இருக்கும்போது ஒருவர் மட்டும் முப்பது உயிர்களோடு வந்தால் ஆட்டம் குலைந்துவிடும். அதோடு, நிரல் இப்போது வீட்டுக் கணினியில் மட்டும் இல்லை. யாரிடம் எத்தனை நாணயம், எந்த வாள், எந்தச் சட்டை என்ற கணக்கெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. எந்தப் பொத்தானை எப்படி அழுத்தினாலும் அந்தக் கணக்கு மாறாது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தென் கொரியாவின் நெக்ஸான் போன்ற நிறுவனங்கள் விளையாட்டை இலவசமாகக் கொடுத்து, உள்ளே பொருட்களை விற்கும் வழியைப் பிடித்தன. வாளும் சட்டையும் சரக்காயின. சரக்கு என்று வந்துவிட்டால் அதை இலவசமாகக் கொடுப்பதும் கடைக்காரரின் கணக்குக்குள் வந்துவிடும். இங்கேதான் இரண்டாவது ஊற்று வந்து கலக்கிறது.

1887இல் அட்லாண்டாவில், அப்போது புதுப் பானமாக இருந்த கோகோ கோலாவை ஒரு குவளை இலவசமாகக் குடிக்கச் சீட்டுகள் கொடுத்தார்கள். நவீன விற்பனைக் கூப்பனின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது அதைத்தான். ஒருமுறை சுவைத்தவர் மறுமுறை காசு கொடுத்துக் குடிப்பார் என்ற கணக்கு பலித்தது. பிறகு வந்த நூறாண்டுகளில் கூப்பன் சோப்பு உறைக்குள் போனது, பிஸ்கட் பொட்டலத்துக்குள் போனது, கடைசியில் சோடா மூடியின் அடியிலும் போய் ஒட்டிக்கொண்டது.

சோடா மூடியில்தான் ஒரு பேரிடரும் நடந்தது. 1992இல் பிலிப்பைன்ஸில் பெப்சி 'நம்பர் ஃபீவர்' என்ற போட்டியை நடத்தியது. ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் மூன்று இலக்க எண். கூடவே போலியைக் கண்டுபிடிக்க ஒரு பாதுகாப்புக் குறியீடு. அன்றாடம் தொலைக்காட்சிச் செய்தியில் வெற்றி எண்ணை அறிவிப்பார்கள். மே 25 அன்று 349 என்று அறிவித்தார்கள். பரிசு பத்து லட்சம் பெசோ வரை. ஆனால் பரிசு கிடையாது என்று நினைத்து அந்த எண்ணை ஏற்கெனவே சுமார் எட்டு லட்சம் மூடிகளில் அச்சிட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் ஆலைவாசலில் மக்கள் திரண்டார்கள். அந்த மூடிகளில் சரியான பாதுகாப்புக் குறியீடு இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. ஆளுக்கு 500 பெசோ கொடுக்க முன்வந்தது. கோபம் அடங்கவில்லை. லாரிகள் எரிந்தன, குண்டுகள் வீசப்பட்டன, உயிர்கள் போயின. வழக்குகள் 2006 வரை நீண்டன.

பொது எண்ணை நம்பிப் பரிசு அறிவிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. இன்றைய ரிடீம் கோட் இந்த ஆபத்தைத் தாண்டி வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் சர்வரில் ஒரு பதிவு இருக்கும்: என்ன பரிசு, எந்த நாட்டுக்கு, எந்த நேரம் வரை, எத்தனை பேருக்கு, ஏற்கெனவே யார் எடுத்தார்கள். குறியீட்டைத் தட்டியதும் இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரு நொடிக்குள் கேட்கப்பட்டு முடிந்துவிடும். ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் கதவு திறக்காது. மாற்றிப் படிக்கும் ஆபத்து இருப்பதால் பூஜ்ஜியத்தையும் ஓ என்ற எழுத்தையும் சில நிறுவனங்கள் தவிர்த்துவிடுகின்றன.

குழந்தைகளின் உலகத்துக்குள் குறியீட்டைக் கொண்டுபோனது பொம்மை. கனடாவின் கான்ஸ் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த 'வெப்கின்ஸ்' பொம்மைகளின் கழுத்துச் சீட்டில் ஒரு ரகசியக் குறியீடு இருந்தது. அதை இணையத்தில் பதிந்தால் அதே பொம்மை திரையில் உயிரோடு வரும். அதே ஆண்டு அதே நாட்டில் தொடங்கிய 'கிளப் பெங்குயின்' விளையாட்டை 2007இல் டிஸ்னி 35 கோடி டாலருக்கு வாங்கியது. பெங்குயின் பொம்மையோடு நாணயக் குறியீடு வந்தது.

'ரோப்லாக்ஸ்' என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் குறியீடு வேறு உருவம் எடுத்தது. அங்கே விளையாட்டுகளை உருவாக்குபவர்களில் பெரும்பாலோர் தனி இளைஞர்களும் சிறு குழுக்களும்தான். விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவர்கள் குறியீட்டையே விளம்பரம் ஆக்கினார்கள். 2019இல் வந்த 'பிளாக்ஸ் ஃப்ரூட்ஸ்' விளையாட்டின் பல குறியீடுகள், இன்ன யூடியூப் சேனலுக்குச் சந்தாதாரர் ஆகுங்கள் என்பதையே சுருக்கி எழுதியவை. தட்டும் விரல் ஒவ்வொன்றும் அந்தப் பெயரை ஒருமுறை எழுதிப் பார்க்கிறது. இத்தனை லட்சம் லைக் வந்தால் அடுத்த குறியீடு என்ற வழக்கமும் ரோப்லாக்ஸில் பரவியது. உருவாக்கியவருக்கும் விளையாடுபவருக்கும் நடுவில் இது ஓரளவு நேரடியான கொடுக்கல் வாங்கல் என்று சொல்லலாம்.

இந்தியாவில் ரிடீம் கோட் என்ற சொல்லைத் தெருமுனை வரை கொண்டுசேர்த்தது 'ஃப்ரீ ஃபயர்'. சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, குறைந்த ரேம் உள்ள மலிவுக் கைப்பேசியிலும் ஓடியது. ஒரு தீவில் ஐம்பது பேர். பத்து நிமிடத்தில் ஓர் ஆட்டம். ஜியோ வந்து டேட்டா விலை விழுந்திருந்த நேரம். 2020இல் உலகெங்கும் ஒரே நாளில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் விளையாடியதாக நிறுவனம் அறிவித்தது. உள்ளே புழங்கும் பணத்துக்கு டைமண்ட் என்று பெயர். காசு கொடுத்து 'டாப் அப்' செய்ய வழியில்லாத பிள்ளைகளுக்கு நல்ல சட்டை வேண்டுமென்றால் மீதமிருந்த வழி ரிடீம் கோட்தான்.

கரீனாவின் பரிசுப் பக்கத்தில் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. குறியீட்டில் 12 அல்லது 16 இடங்கள் இருக்கும். விருந்தினர் கணக்கு செல்லாது. ஃபேஸ்புக் போன்ற ஒரு கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். காலாவதியான குறியீடு வேலை செய்யாது. இரண்டாவது விதியைக் கவனிக்க வேண்டும். பெயர் தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு அடையாளத்தோடு கட்டிப்போடுவது அந்த விதிதான். பரிசின் உண்மையான விலை அங்கே கொடுக்கப்படுகிறது.

குறியீட்டை எங்கே தேடுவது? நேரலைதான் முதல் இடம். 2021 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த ஃப்ரீ ஃபயர் உலகப் போட்டியை ஒரே நேரத்தில் 54 லட்சம் பேர் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரலைகளில் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு படியைத் தாண்டும்போது குறியீடு வெளியாகும் என்பதால், எண்ணிக்கையை ஏற்றுவதில் ஒவ்வொரு ரசிகருக்கும் பங்கு வந்துவிடுகிறது. தமிழ் யூடியூபர்களும் லைவ் நடுவே கூகுள் பிளே ரிடீம் கோடைத் திரையில் காட்டி, முந்துபவருக்குப் பரிசு என்றார்கள். அடுத்த இடம் செய்தித் தளங்கள். 'இன்றைய ஃப்ரீ ஃபயர் ரிடீம் கோட்' என்று தினமும் ஒரு பட்டியல் தமிழிலும் வந்தது. அவற்றில் பெரும்பகுதி காலாவதியானவை. நேற்றைய பட்டியலே தேதி மாற்றி இன்று வரும். ராசிபலனுக்கு ஒதுக்கிய இடத்தைப் போல இதற்கும் நிரந்தர இடம் ஒதுக்கியது நம் இதழியலுக்கு அழகல்ல. ஏமாந்தவர்கள் பதின்ம வயதுப் பிள்ளைகள்.

2022 பிப்ரவரி 14 அன்று இந்திய அரசு 54 செயலிகளைத் தடை செய்தபோது ஃப்ரீ ஃபயரும் அதில் போனது. சில மாதங்கள் முன்பே வந்திருந்த 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' தடையில் சிக்கவில்லை. அதே கணக்கில் அங்கே நுழையலாம் என்பதால் சேர்த்த சட்டைகள் எதுவும் வீணாகவில்லை. குறியீட்டு வேட்டை ஒரு நாள்கூட நிற்கவில்லை. 2023இல் 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' வரப்போவதாக அறிவித்து, தோனியை விளம்பரத் தூதராக்கி, 'தல' என்ற பெயரில் ஒரு பாத்திரத்தையும் காட்டினார்கள். வெளியீடு கடைசி நேரத்தில் தள்ளிப்போனது.

சீனாவின் 'கென்ஷின் இம்பாக்ட்' இந்தக் கலையை இன்னும் நுட்பமாக்கியது. புதிய பதிப்பு வரும் முன் ஒரு நேரலை. அதில் மூன்று குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் அந்த விளையாட்டின் உள்நாணயமான பிரைமோஜெம் 100. சீக்கிரம் எடுக்காவிட்டால் கெட்டுப்போகும். புதுப் பாத்திரத்துக்கான அதிர்ஷ்டக் குலுக்கலில் ஒருமுறை குலுக்க 160 வேண்டும். மொத்தம் 300 கிடைக்கிறது. இரண்டு குலுக்கலுக்கு இருபது குறைவு. அந்த இருபதை ஈட்ட மறுபடி உள்ளே வர வேண்டும். பழைய சீட் கோட் விளையாடுபவரின் கையில் இருந்தது. புதிய குறியீடு கடைக்காரரின் நாட்காட்டியில் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்தால் போதும், பாதிப் பதற்றம் குறையும்.

மீதிப் பாதி மோசடியைப் பற்றியது. 'கோட் ஜெனரேட்டர்' என்று சொல்லும் எதுவும் பொய். இருபத்தாறு எழுத்துகளும் பத்து எண்களும் பன்னிரண்டு இடங்களில் மாறி அமையும் வகைகள் ஏறத்தாழ 47,000 கோடி கோடி. ஒரு லட்சம் பேர் நொடிக்கு ஒன்றாக இரவு பகல் தட்டினாலும் எல்லாவற்றையும் முடிக்கப் பதினைந்து லட்சம் ஆண்டுகள் ஆகும். சர்வரில் பதிவு இல்லாத குறியீட்டை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது. அந்தப் பக்கங்கள் உண்மையில் தேடுவது பிள்ளையின் ஐடியையும் பாஸ்வேர்டையும். அந்தக் கைப்பேசி அப்பாவுடையதாக இருந்தால் வங்கியிலிருந்து வரும் ஓடிபியையும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ரிடீம் கோட் தேடினால் பக்கத்தில் உட்காருங்கள். விளையாட்டு நிறுவனத்தின் சொந்தப் பக்கமா என்று முகவரியைச் சேர்ந்து படியுங்கள். இலவசக் குறியீட்டுக்கு ஓடிபி, வங்கி எண், யூபிஐ பின் எதுவும் தேவைப்படாது. யாராவது கேட்டு, பணமும் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பிள்ளையைத் திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்து அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.