சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிறகு

லிங்கநகரில் எங்கட வீட்டில அம்மம்மாவிடம் பழைய கதை எதைக் கேட்டாலும் ஆண்டு சொல்லமாட்டா. "அது சூறாவளிக்கு முந்தி" என்பா, இல்லாட்டி "சூறாவளிக்குப் பிறகு". அவ சொல்வது 1964 டிசம்பர் 22. அன்று திருகோணமலையால் கரையேறிய புயல் தீவைக் குறுக்கறுத்து, பாக்குநீரிணை தாண்டி, தனுஷ்கோடியையும் அழித்தது. தனுஷ்கோடியை எல்லாருக்கும் தெரியும். அதே புயல் முதலில் எங்களை அடித்ததைச் சொல்லுவோர் குறைவு.

எங்கட துறைமுகத்தின் வானிலையை ஒழுங்காக எழுதிவைத்தது பிரித்தானியக் கடற்படை. 1957இல் தளத்தைக் கையளிக்கும் வரை அதன் கப்பல்கள் இங்கே வந்துபோயின. காற்றின் திசை, காற்றழுத்தம், வெப்பநிலை எல்லாம் கப்பலின் நாட்குறிப்பில் ஏறும். எங்களுக்காக எழுதியதில்லை, கப்பலையும் பீரங்கியையும் காக்க எழுதியது. ஆனால் 2010இல் தொடங்கிய 'ஓல்ட் வெதர்' திட்டத்தில், முதலாம் உலகப்போர்க் காலக் கடற்படை நாட்குறிப்புகளைத் தொண்டர்கள் இணையத்தில் வாசித்துத் தட்டச்சு செய்தார்கள். 2020இல் பிரித்தானியாவில் 16,000 பேர் வீட்டிலிருந்தபடியே பழைய மழைப் பதிவேடுகளில் இருந்து 50 லட்சத்துக்கு மேற்பட்ட அளவீடுகளை மீட்டார்கள். பெட்டிக்குள் கிடந்த தாள் இப்படித்தான் எவரும் எடுக்கக்கூடிய திறந்த தரவாகிறது.

இன்று அமெரிக்க நிறுவனமான 'நோவா' வெளியிடும் உலகப் புயல் தடங்களின் தொகுப்பை எவரும் இலவசமாக இறக்கலாம். 1964 புயலும் அதில் இருக்கு, 2020 டிசம்பர் 2 இரவு திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறிய புரெவியும் இருக்கு. இரண்டும் எங்கட கரையால் ஏறிப் பாம்பன் பக்கம் போனவை. இரண்டு புயலை வைத்துக் 'காலநிலை மாறிவிட்டது' என்று எழுதினால் அது பிழை. காலநிலைச் சராசரிக்கு உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுப் பதிவை எடுக்கிறது. நீளமான, இடைவெளியில்லாத பதிவு வேணும்.

சிக்கல் அங்கேதான். இலங்கையின் அனர்த்தத் தரவுத்தளம் 1974இலிருந்துதான் தொடங்குகிறது. 1978 மட்டக்களப்புச் சூறாவளி அதற்குள் வரும், அம்மம்மாவின் சூறாவளி வராது. அந்த அட்டவணையை மட்டும் பார்த்து ஒருவர் எங்கட மாவட்டத்தின் புயல் ஆபத்தைக் கணக்கிட்டால், இங்கே அடித்த மிகப்பெரிய புயல்களில் ஒன்று கணக்கிலேயே இல்லை. புகலிடம் எங்கே கட்டுவது, வீட்டுத்திட்டத்தை எந்தக் காணியில் போடுவது என்ற முடிவுகளுக்கு இப்படியான கணக்குகள் போகும்போது, விடுபட்ட ஒரு வரி ஒரு கூரையின் பலம் குறைந்துபோகக் காரணமாகலாம்.

அதனால் செய்தி எழுத விரும்பும் எங்கட ஆட்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, கேட்பது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கு. பொது நிறுவனங்களிடம் உள்ள பதிவுகளை எழுத்தில் கேட்கலாம். மற்றது, சேர்ப்பது: தண்ணி எந்த மதில் வரை வந்தது, எந்தக் கிணறு எந்த வருடம் உவர்த்தது, வாடைக்காற்று எப்ப தொடங்கியது என்று மூத்தவர்களிடம் கேட்டு, திகதியும் இடமும் போட்டு எழுதுவது. ஞாபகம் பிசகும். அதைப் புயல் தடத்தோடும் மழைக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்தபின் வெளியிடலாம்.

அம்மம்மா சொன்ன இரவை நான் அந்தத் தொகுப்பில் தேடிப் பார்த்தன். திகதி சரி. ஓடு பறந்ததும், விடியும் வரை மேசைக்குக் கீழ இருந்ததும் அதில் இல்லை. அதை எழுதவேண்டியது நாங்கதான்.