நாற்பத்தைந்து நிமிடங்கள்

ஆறு வருடங்களாக உடம்பெங்கும் வலி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எதிலும் ஒன்றுமில்லை. மருத்துவர் தாள்களை மூடிவைத்துவிட்டு, "எல்லாம் மனசுதாம்மா, தியானம் பண்ணுங்க" என்றார். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிஸ்டீரியா என்ற பெயரை உண்டாக்கிய மருத்துவத்தின் குரல் அது. கோபத்தில்தான், தியானம் மருத்துவமனைக்குள் எப்படி நுழைந்தது என்று தேடத் தொடங்கினேன்.

1979இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-ஜின் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மருத்துவரல்லர், மூலக்கூறு உயிரியல் படித்து, ஜென்னும் விபாசனாவும் பழகியவர். சிகிச்சையால் குணம் காணாதவர்களை மருத்துவர்கள் அவரிடம் அனுப்பினார்கள். அவர்கள் படுத்துக்கொண்டு, இடது கால் விரலில் தொடங்கி உச்சந்தலைவரை உடம்பைக் கவனித்தார்கள். வலியை விரட்டுவதல்ல நோக்கம். வலியையும், 'இனி என் பிழைப்பு என்னாகும்' என்ற பயத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுவது.

இந்தப் பயிற்சியில் பர்மாவின் ஊ பா கின் மரபின் சாயல் உண்டு. அரசாங்கத்தின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர் அவர். 1955இல், ஒற்றைத் தலைவலிக்கு மார்பின் ஊசி போட்டுவந்த வணிகர் கோயங்கா அவரிடம் போனபோது, தலைவலி தீர்வதற்காக என்றால் வரவேண்டாம் என்றாராம். எனக்கு அந்தக் கறார் பிடித்திருக்கிறது.

1979இல் இன்னொன்றும் நடந்தது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்கு ஒரு வரையறை வெளியிட்டது. உடலில் சேதம் தென்படாவிட்டாலும், வலி என்று ஒருவர் சொன்னால் அதை வலியாகவே ஏற்கவேண்டும் என்றது அதன் குறிப்பு. என் மருத்துவர் தியானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார்.

பலன் உண்டா? கபட்-ஜின் 1982இல் எழுதிய கட்டுரையில் 51 நோயாளிகள். பாதிப் பேருக்கு வலியின் அளவு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. 2016இல் அமெரிக்காவில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 342 பேரிடம் நடந்த ஆய்வில், அரையாண்டு முடிவில் இப்பயிற்சி பெற்றவர்களில் 60 சதவீதத்தினரின் அன்றாட இயக்கம் மேம்பட்டிருந்தது. வழக்கமான சிகிச்சையில் 44 சதவீதம். எனக்குப் பிறகு வேறொரு மருத்துவர் சொன்ன பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. அந்த நோயுள்ள 177 பெண்களிடம் ஜெர்மனியில் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. வாழ்க்கைத் தரத்தில் குழுக்களுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசமில்லை.

அந்தப் பயிற்சி எட்டு வாரம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 45 நிமிடம். இதை மருந்துச்சீட்டில் எழுதித் தந்திருந்தால் வீட்டில் காட்டியிருப்பேன். சும்மா "பண்ணுங்க" என்றால், குக்கர் மூன்றாவது விசிலுக்கும் கல்லூரிப் பேருந்துக்கும் நடுவில் எங்கே பண்ணுவது?

முதல் நாள் இடது முழங்கால்வரை போயிருப்பேன். "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று மகன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அன்று மாலையே ஆள் வைத்து, வருடக்கணக்கில் உடைந்துகிடந்த உள்தாழ்ப்பாளை மாற்றினேன்.