கட்சிக்காரரின் நம்பிக்கையும் வழக்கறிஞரின் கடமையும்

திண்டுக்கல் வட்டாரத்தில் நம் முன்னோர் நீதிமன்றத்தின் படியை முதலில் மிதித்தது கட்சிக்காரராகத்தான். எழுதப்படாத புரோநோட்டில் கைரேகை வைத்தவர்களும், பட்டா இருந்தும் நிலத்தை இழந்தவர்களும் வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழந்து நடந்தனர். வக்காலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் அறியார். வக்கீல் சொல்வதே அவர்களுக்கு வேதம். 1974இல் மதுரையில் அரசு சட்டக் கல்லூரி தோன்றிய பின்னர் நம் இளைஞர்களுக்கும் கறுப்பு அங்கி கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தது. அந்த அங்கியை நாடுவோர் அதன் கடமைகளையும் அறிதல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அவரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் நீர் அருந்தினர். அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் அறப்போர் நடத்தத் திரண்டபோது, மேல்சாதியார் சிவில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையாணை பெற்றிருந்தனர். கூடியிருந்தோர் கொதித்தனர், சிறை செல்லவும் பலர் ஆயத்தமாக இருந்தனர். ஆயினும் அண்ணல் தடையை மீறாமல் அறப்போரை ஒத்திவைத்தார். தலைவராகவும் வழக்கின் பிரதிவாதியாகவும் இருந்த அவர், வழக்கறிஞர் என்ற முறையில் நீதிமன்றத்துக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்பதை மறந்தாரில்லை. இதனைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், குளத்தினின்று நம்மவரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு நிலவியது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்துக்குச் செலுத்தும் கடமை ஒன்று. கட்சிக்காரருக்குச் செலுத்தும் கடமை மற்றொன்று. பின்னதைத் தமிழ்நாட்டிலேயே எழுந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. காது கேளாத முதியவர் ஒருவர், கடன் கொடுத்த பணத்தை வசூலிக்கப் புரோநோட்டுகளை ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்தார். நீதிமன்றக் கட்டணத்துக்கான பணமும் கொடுத்தார். வழக்கு தாக்கலாகவில்லை, தாக்கலாயிற்று என்று மட்டும் சொல்லப்பட்டு வந்தது. புரோநோட்டுக்கு மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு என்பதை நம் ஊர்களில் எல்லாரும் அறிவர். அது கழிந்தபின் கையில் எஞ்சுவது வெறும் தாள்தானே!

முதியவர் வழக்கறிஞர் மன்றத்தில் முறையிட்டார். மாநில மன்றம் ஆறாண்டுகள் தொழில் செய்யத் தடை விதித்தது; இந்திய வழக்கறிஞர் மன்றம் அதனை ஓராண்டாகக் குறைத்தது. 1978 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தண்டனைக்குப் புதிய வடிவம் தந்தார். பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கவேண்டும்; ஏழைகளுக்கான இலவச சட்ட உதவிப் பணியையும் செய்யவேண்டும் என்றார். நீதிபதி ஏ. பி. சென் இதற்கு உடன்படவில்லை. மன்றம் விதித்த தண்டனையில் கைவைக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. தவறியவரை ஏழைகளுக்கே உழைக்க வைப்பது அழகிய எண்ணந்தான். எனினும் ஏமாந்தவரின் வரிசையிலேயே நெடுங்காலம் நின்ற நமக்கு, நீதிபதி சென் அவர்களின் கண்டிப்பே நியாயமாகப் படுகிறது.

கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டுகளை வழக்கறிஞர் பிடித்து வைத்துக்கொள்ள இயலாது என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் விதித்தது. பத்திரத்தையும் பட்டாவையும் கேட்டு வக்கீல் குமாஸ்தாவின் மேசைமுன் நிற்கும் நம் உறவினர் இதனைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம். வழக்கு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும், கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பதும் அவமரியாதை ஆகா.

வழக்கறிஞரை அமர்த்த வழியற்றவர்க்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் துணை நிற்கிறது. அதன் 12ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினர் இலவச சட்ட உதவி பெறுவதற்கு வருமான வரம்பு கிடையாது. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுக்கலாம்.